மனத்தை அளப்பவருக்கு எந்தப் பட்டம்?

எங்கள் தெருவுக்குக் காசிமேட்டிலிருந்து மீன் கொண்டுவரும் அம்மாள் ஒருவர், சில மாதங்களுக்கு முன் கூடையை இறக்கி வைத்துவிட்டு, முந்தானையில் முடிந்திருந்த நான்கு தாள்களை என்னிடம் நீட்டினார். "சாரு, நீங்க காலேஜ் வாத்தியாரு. இத்த கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க" என்றார். அவருடைய பேரனைப் பற்றிய உளவியல் அறிக்கை அது. பையனுக்கு ஒன்பது வயது. படிப்பு ஏறவில்லை, பேச்சும் தாமதம். அறிக்கை முழுவதும் ஆங்கிலத்தில் இருந்தது. நுண்ணறிவு ஈவு 71 என்று முடிவில் எழுதியிருந்தது. தலைப்பில் ஒரு பெயர், பெயருக்கு முன் 'டாக்டர்', கீழே 'பிஎச்.டி., உளவியல்'.

இந்தத் தாள்களை அவர் ஓர் அரசு மருத்துவமனைக்குக் கொண்டு போயிருக்கிறார். அங்கே, "இதில் பதிவு எண் இல்லையே, நாங்கள் மறுபடியும் சோதித்துத்தான் சொல்ல முடியும்" என்று கூறிவிட்டார்கள். கொடுத்த பணம் போயிற்று. "டாக்டர்னு தானே போட்டுக்குது? அப்ப அது இன்னா டாக்டரு சாரு?" என்று கேட்டார்.

எனக்கு உடனே பதில் சொல்லத் தெரியவில்லை. நான் இயற்பியல் ஆசிரியன், எம்.எஸ்சி.யுடன் நின்றவன். முனைவர் பட்டத்தைப் பற்றிக் குறை கூறப் புகுந்தால், எட்டாத பழம் புளிக்கும் என்பார்கள் நண்பர்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். அந்த அம்மாளின் கேள்விக்கு விடை தேடிச் சட்டங்களையும் விதிகளையும் புரட்டியபோது கிடைத்தவற்றை வாசகர் முன் வைக்கிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அந்த அறிக்கையில் கையெழுத்திட்டவர் போலிப் பட்டக்காரர் அல்லர். ஒரு பல்கலைக் கழகம் முறைப்படி அளித்த பட்டம்தான் அது. பெயருக்கு முன் 'முனைவர்' என்று போட்டுக்கொள்ள அவருக்கு முழு உரிமை உண்டு. ஆனால், அந்தப் பட்டத்தைப் பெறுவதற்கு ஒருவர் எதைச் செய்திருக்க வேண்டும், எதைச் செய்திராமலே பெற்றுவிடலாம் என்று பார்க்கும்போதுதான் குறை தெரிகிறது.

நம் நாட்டில் பிஎச்.டி. பட்டத்துக்கான குறைந்த அளவுத் தகுதிகளைப் பல்கலைக் கழக மானியக் குழு வகுக்கிறது. 2022-ஆம் ஆண்டு நவம்பரில் வெளியான விதிகளின்படி, ஆய்வுக் காலம் குறைந்தது மூன்று ஆண்டுகள். மிகுதி ஆறு ஆண்டுகள். மறுபதிவு செய்தால் எட்டு ஆண்டுகள் வரை போகலாம். பெண்களுக்கு இன்னும் இரண்டு ஆண்டுகள் சலுகை. ஆய்வு முறையியல் முதலியவற்றில் 12 மதிப்பலகுக்குக் குறையாத பாடங்கள் படித்து 55 விழுக்காடு பெற வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஆலோசனைக் குழுவின் முன் வேலையின் முன்னேற்றத்தைச் சொல்ல வேண்டும். பிறகு ஆய்வேடு, அதில் திருட்டு எழுத்து இல்லை என்பதற்குச் சான்று, நெறியாளரைத் தவிர இரண்டு வெளித் தேர்வாளர்களின் மதிப்பீடு, கடைசியில் வாய்மொழித் தேர்வு. 2016-இல் இருந்த 'ஒரு கட்டுரையாவது ஆய்விதழில் வெளிவந்திருக்க வேண்டும்' என்ற கட்டாயத்தை 2022-இல் எடுத்துவிட்டார்கள். காசு வாங்கிக்கொண்டு கட்டுரை போடும் இதழ்கள் பெருகியதை நினைத்தால், அதை நான் குறை சொல்லமாட்டேன்.

இந்த விதிகள் இயற்பியலுக்கு மிகவும் பொருந்தும். வரலாற்றுக்கும் தமிழ் இலக்கியத்துக்கும் பொருந்தும். எல்லாத் துறைக்கும் ஒரே சட்டை. அதே விதிகளில் ஒரு வாசகம் என் கண்ணில் பட்டது. எந்தத் துறையைச் சேர்ந்தவராயினும் ஆய்வு மாணவர் கற்பித்தலில் பயிற்சி பெற வேண்டும். வாரத்துக்கு நான்கு முதல் ஆறு மணி நேரம் வரை வகுப்பு, ஆய்வுக்கூட வேலைகளை அவருக்குக் கொடுக்கலாம் என்கிறது அது. ஆக, மருத்துவ உளவியலில் ஆய்வு செய்பவரும் கரும்பலகை முன் நின்று பழக வேண்டும். ஆனால் ஒரு நோயாளியின் முன், அனுபவமுள்ள ஒருவர் மேற்பார்க்க, ஒரு மணி நேரம் உட்கார்ந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை அதில் எங்கும் இல்லை.

இதில் வியப்பில்லை. இந்த விதிகள் ஆராய்ச்சியாளரையும் கல்லூரி ஆசிரியரையும் உருவாக்குவதற்காக எழுதப்பட்டவை. எங்கள் தொழிலில் பதவி உயர்வுக்கு இந்தப் பட்டம் ஏணி. மனநோயாளியைக் கவனிக்கத் தகுதியானவர் யார் என்று முடிவு செய்வது மானியக் குழுவின் வேலையாக இருந்ததில்லை. அது வேறு சட்டத்தின் வேலை.

அந்தச் சட்டம் என்ன சொல்கிறது? 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் 'மருத்துவ உளவியலர்' என்ற சொல்லுக்கு வரையறை தருகிறது. இந்திய மறுவாழ்வுக் கழகம் ஏற்ற நிறுவனத்தில் மருத்துவ உளவியல் தகுதி பெற்றவர். அல்லது உளவியலில் முதுகலைப் பட்டத்தோடு, மேற்பார்வையின் கீழ் நோயாளிகளிடம் பயிற்சியும் அடங்கிய இரண்டாண்டு முழுநேர எம்.ஃபில். முடித்தவர். அந்த வரையறையில் பிஎச்.டி. என்ற எழுத்துகளே கிடையாது. மறுவாழ்வுக் கழகத்தின் 1992-ஆம் ஆண்டுச் சட்டமோ இன்னும் கண்டிப்பானது. அதன் நடுவண் பதிவேட்டில் பெயர் இல்லாதவர் இத்தொழிலைச் செய்தால் ஓராண்டு வரை சிறை, அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மீன்கார அம்மாளிடம் மருத்துவமனையில் கேட்ட 'பதிவு எண்' இதுதான்.

அந்த எம்.ஃபில்.லில் அப்படி என்ன இருக்கிறது? பாடங்கள் உண்டு: மனநோய் மருத்துவம், மூளையும் நரம்பும், புள்ளியியல், உளச் சிகிச்சை. ஆய்வேடும் உண்டு. ஆனால் உயிர்நாடி வேறு. முதலாண்டில் ஐந்து நோயாளிகளைப் பற்றிய முழுநீளச் சோதனை அறிக்கைகள். இரண்டாம் ஆண்டில் ஐந்து பேருக்கு அளித்த சிகிச்சையின் முழுநீளக் குறிப்புகள். இவை தவிர அன்றாடம் புறநோயாளிப் பிரிவில் உட்கார்ந்து, வருகிறவர்களின் கதையைக் கேட்டு எழுதி, மூத்தவரிடம் காட்டித் திருத்தம் வாங்க வேண்டும். எங்கள் இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் பதிவேட்டில் ஆசிரியர் கையெழுத்தில்லாமல் செய்முறைத் தேர்வுக்கு விடமாட்டோம். அதே முறைதான், வேறுபாடு என்னவென்றால், இங்கே மேசை மேல் இருப்பது மனிதர்.

படிப்பு ஒரு பக்கம், பழக்கம் ஒரு பக்கம் என்ற இந்தப் பிளவு நமக்கு மட்டும் உரியதன்று. லைட்னர் விட்மர் என்ற அமெரிக்கர், ஜெர்மனியில் ஊண்ட் என்பவரின் ஆய்வுக்கூடத்தில் முனைவரானவர். 1896-இல் பென்சில்வேனியாப் பல்கலைக் கழகத்தில் ஒரு சிறு மருத்துவமனையைத் தொடங்கினார். அதற்கு முதலில் வந்தவன், எழுத்துக் கூட்டத் தெரியாமல் திண்டாடிய ஒரு பள்ளிப் பையன். அழைத்து வந்தவர் அவனுடைய ஆசிரியை. ஆய்வுக்கூடத்தில் கற்ற உளவியல் இந்த ஒரு பையனுக்கு உதவாவிட்டால் அதனால் பயன் என்ன என்பதே விட்மரின் கேள்வி. இந்தத் துறை பிறந்ததே அங்கேதான்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின், 1949-இல் கொலராடோ மாநிலத்தின் போல்டர் நகரில் கூடிய அறிஞர்கள், மருத்துவ உளவியலில் முனைவராகிறவர் ஆராய்ச்சியாளராகவும் சிகிச்சையாளராகவும் இருக்க வேண்டும் என்று முடிவு செய்தார்கள். அதனால் அங்கே இத்துறையில் பிஎச்.டி. பெற ஆய்வேடு மட்டும் போதாது. பல ஆண்டுப் பயிற்சியும், ஓராண்டு முழுநேர மருத்துவமனைப் பணியும் வேண்டும். ஆராய்ச்சி நாட்டமில்லாத, ஆனால் நல்ல சிகிச்சையாளர்களுக்காக 1968-இல் இல்லினாய்ப் பல்கலைக் கழகம் 'சை.டி.' என்ற தனி முனைவர் பட்டத்தைத் தொடங்கியது. 1973-இல் அதே கொலராடோவின் வெயில் நகர மாநாடு அதை ஏற்றது. இங்கிலாந்தில் மூன்றாண்டு முனைவர் படிப்பில் ஏறத்தாழப் பாதிக் காலம் நோயாளிகளிடையே கழிகிறது. பயிலும்போதே அரசுச் சுகாதாரப் பணியாளராகச் சம்பளமும் உண்டு.

நம் நாட்டிலும் தொடக்கம் மோசமில்லை. உளவியலில் இந்தியாவில் முதல் முனைவர் பட்டம் பெற்றவர் கல்கத்தாவின் கிரீந்திரசேகர் போஸ், ஆண்டு 1921. அவர் முதலில் மருத்துவர், பிறகே உளவியலர். நோயாளியைப் பார்க்காமல் அவர் ஆய்வேடு எழுதவில்லை. மைசூரில் உளவியல் துறையை 1924-இல் தொடங்கி வளர்த்த எம்.வி. கோபாலசாமியை இயற்பியலார் வேறு காரணத்துக்காக அறிவோம். 1935-இல் தம் வீட்டில் வானொலி நிலையம் வைத்து, அதற்கு 'ஆகாசவாணி' என்று பெயர் வழங்கச் செய்தவர் அவரே. பெங்களூரில் மனநலக் கல்விக்கான அனைத்திந்திய நிறுவனம் 1954-இல் தோன்றியது. பின்னாளில் நிம்ஹான்ஸ் ஆனது அதுவே. அங்கே 1955-இல் மருத்துவ உளவியலில் ஈராண்டுப் பட்டயப் படிப்பு தொடங்கியது.

வினை விளைந்தது ஒரு பெயரால். அந்தப் பட்டயப் படிப்புக்குப் பின்னாளில் 'எம்.ஃபில்.' என்று பெயர் சூட்டினார்கள். மற்றத் துறைகளில் எம்.ஃபில். என்பது பிஎச்.டி.க்கு முந்தைய குட்டி ஆய்வுப் பட்டம். மருத்துவ உளவியலில் மட்டும் அது தொழிற்பயிற்சி; மருத்துவருக்கு எம்.டி. எப்படியோ, அப்படி. 2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை எம்.ஃபில். இனி வேண்டாம் என்றது. 2022 விதிகள் அதை நிறுத்தின. குட்டி ஆய்வுப் பட்டம் போனதில் எங்களுக்கு நட்டமில்லை. ஆனால் அதே பெயரைத் தாங்கியிருந்த குற்றத்துக்காக, இந்நாட்டில் மனநோயாளியிடம் பழகிக் கற்ற ஒரே பெரிய வாயிலும் அடைபட இருந்தது. 2023 டிசம்பரில் மானியக் குழு, எம்.ஃபில்.லில் சேராதீர்கள் என்று மாணவர்களை எச்சரித்தது. கூக்குரல் எழுந்த பிறகு 2024-இல், மருத்துவ உளவியலுக்கும் மனநலச் சமூகப் பணிக்கும் மட்டும் 2025-26 கல்வியாண்டு வரை சேர்க்கலாம் என்று தவணை கொடுத்தது. தவணை என்பது கடன்காரனுக்குக் கொடுப்பது. ஒரு படிப்புக்கு அப்படிக் கொடுத்தது விந்தை.

மாற்று இல்லாமல் இல்லை. மறுவாழ்வுக் கழகம் முதுகலைக்குப் பின் நான்காண்டு 'சை.டி.' படிப்பை வகுத்திருக்கிறது. முறையான வழி அதுதான் என்றே எனக்கும் படுகிறது. ஆனால் முதுகலை முடித்த 22 வயதுப் பெண் மேலும் நான்கு ஆண்டுகள் சம்பளமின்றிப் படிக்க வேண்டும் என்றால், எந்த வீட்டுப் பெண் படிப்பாள்? இங்கிலாந்தின் முனைவர் படிப்பிலிருந்து ஆண்டுக் கணக்கை எடுத்துக்கொண்டோம். சம்பளத்தை அங்கேயே விட்டுவிட்டோம்.

இனி நான் ஓரளவு உரிமையோடு பேசக்கூடிய பகுதிக்கு வருகிறேன்: அளவீடு. திருகு அளவியை எடுத்தவுடன் முதலாண்டு மாணவன் சுழிப்பிழையைப் பார்க்க வேண்டும். பார்க்காமல் எழுதிய அளவுக்கு மதிப்பெண் கிடையாது. நுண்ணறிவுச் சோதனையும் ஒரு கருவிதான். பொதுவாகச் சராசரி 100, திட்ட விலக்கம் 15 என்று அமைகிறது. எந்தக் கருவிக்கும் பிழை உண்டு. இங்கே அதைக் கணக்கிட எளிய வழி இருக்கிறது. சோதனையின் நம்பகக் கெழு 0.91 என்று கொள்வோம், நல்ல சோதனைதான். ஒன்றிலிருந்து அதைக் கழித்தால் 0.09, வர்க்கமூலம் 0.3, திட்ட விலக்கமாகிய 15-ஆல் பெருக்கினால் 4.5. இதுவே அளவீட்டின் திட்டப் பிழை. அதாவது, 71 என்று வந்த பையனின் உண்மை அளவு 62-க்கும் 80-க்கும் இடையில் எங்கோ இருக்கலாம் என்றுதான் நூற்றுக்கு 95 உறுதியோடு சொல்ல முடியும். அந்த அறிக்கையில் 71 என்ற எண் தனியாக நின்றது. பக்கத்தில் பிழை எல்லை இல்லை. என் மாணவன் இப்படி எழுதியிருந்தால் சிவப்பு மையால் சுழித்திருப்பேன்.

ஓர் எண் இப்படியோ அப்படியோ இருந்தால் என்ன என்று கேட்கலாம். மாற்றுத்திறனாளிகளுக்கான 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தில் சலுகை பெறக் குறைந்தது 40 விழுக்காடு குறைபாடு வேண்டும். 2018-இல் நடுவண் அரசு வெளியிட்ட நெறிமுறை, சமூக முதிர்ச்சி அளவுகோலில் 55 முதல் 69 வரை பெற்றவருக்கு 50 விழுக்காடு என்றும், 70 முதல் 84 வரை பெற்றவருக்கு 25 விழுக்காடு என்றும் வகுத்தது. 69 வாங்கிய குழந்தை கோட்டுக்கு இந்தப் பக்கம். 70 வாங்கிய குழந்தை அந்தப் பக்கம். கருவியின் பிழையைவிடக் குறுகிய இடைவெளியில் ஒரு குடும்பத்தின் உதவித்தொகை நிற்கிறது. கருவியைக் கையாளுகிறவர் கைதேர்ந்தவராக இருக்க வேண்டும் என்று அரசு மருத்துவமனை பிடிவாதம் பிடிப்பதில் நியாயம் உண்டு.

கருவியே நம்முடையதா என்பது அடுத்த கேள்வி. பினே-காமத் சோதனை 1930களில் கன்னட, மராத்திப் பிள்ளைகளுக்காக உருவானது. பாட்டியாவின் செயற்சோதனைத் தொகுதி 1955-இல் உத்தரப் பிரதேசத்துப் பையன்களை வைத்துத் தரப்படுத்தப்பட்டது. மாலின் 1960களில் நாகபுரியில் அமைத்தவை வேறு சில. இவற்றைச் செய்தவர்களின் உழைப்பு பெரிது. ஆனால் காசிமேட்டுப் பையனிடம் இவற்றைப் பயன்படுத்தும்போது கேள்விகள் அங்கேயே, அந்த நிமிடத்தில், மொழிபெயர்ந்து வருகின்றன. ஒரே கேள்வியை ஒருவர் புத்தகத் தமிழில் கேட்பார், இன்னொருவர் பேச்சுத் தமிழில் கேட்பார். பையனின் எண் அதற்கேற்ப மாறும். உளவியலில் பிஎச்.டி. செய்ய வருகிறவர்களுக்கு இதைவிடத் தேவையான ஆய்வுப் பொருள் எது? வடசென்னைப் பிள்ளைகளுக்கு இந்தக் கருவிகளைத் தரப்படுத்தித் தரட்டும். நான் புரட்டிப் பார்த்த ஆய்வேடுகள் பலவற்றில், வினாத்தாளை முந்நூறு பேரிடம் கொடுத்து, வாங்கி, கூட்டி, சராசரி கண்டு, ஆண்-பெண் வேறுபாடு 'குறிப்பிடத்தக்கது' என்று முடித்திருந்தார்கள். இது ஆராய்ச்சியில்லை என்று சொல்லவில்லை. முந்நூறு பேரில் ஒருவரையாவது எதிரில் உட்கார வைத்துப் பேசியதன் அடையாளம் அவற்றில் இல்லை என்கிறேன்.

இவ்வளவு கண்டிப்பும் வேண்டும் என்று நான் பேசும்போது, என் பழைய மாணவி ஒருத்தி குறுக்கே வருகிறாள். திருவொற்றியூர்ப் பெண். பி.எஸ்சி. இயற்பியல் முடித்து, மணலியில் ஒரு தொழிற்சாலையில் கணக்கு எழுதிக்கொண்டே, உளவியல் எம்.எஸ்சி.யை அஞ்சல் வழியில் படித்துத் தேறியவள். "சார், நீங்க சொல்றது சரிதான். ஆனா கதவை எல்லாம் சாத்திட்டு, உள்ள வந்தவங்க மட்டும் நல்லவங்கன்னா எப்படி?" என்று கேட்டாள். அவள் சொல்வதில் சத்து இருக்கிறது. 2025-இல் மானியக் குழு, உளவியலைத் தொலைநிலையில் கற்பிக்கக் கூடாது என்று நிறுத்திவிட்டது. அஞ்சலில் மனிதரைப் படிக்க முடியாது என்பது உண்மையே. ஆனால் பகலில் வேலைக்குப் போகும் இவளைப் போன்றவர்களுக்கு மாற்று வழி எதையும் அந்த உத்தரவோடு சேர்த்துத் தரவில்லை. முறையான பயிற்சிக்குச் சேர முயன்றால், ஒன்று முட்டுக்காட்டிலுள்ள தேசிய நிறுவனம், மற்றொன்று போரூர் மருத்துவப் பல்கலைக் கழகம். எண்ணூர் ரயில் பாதைக்கு இவை எந்தத் திசையில் என்பது சென்னைவாசிகளுக்குத் தெரியும்.

தேவையோ கண் முன் நிற்கிறது. நிம்ஹான்ஸ் 2015-16-இல் தமிழ்நாடு உள்பட 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பு, வயது வந்தோரில் 10.6 விழுக்காட்டினருக்கு ஏதேனும் ஒரு மனநலக் கோளாறு இருப்பதாகக் கண்டது. நோய்க்கு நோய் மாறினாலும், சிகிச்சை கிட்டாதவர் 70 முதல் 92 விழுக்காடு வரை. எங்கள் பகுதியில் டிசம்பர் 26 என்ற தேதிக்கே ஒரு நடுக்கம் உண்டு. 2004-இல் அன்றுதான் கடல் உள்ளே வந்தது. 2023-இல் அதே தேதி நள்ளிரவில் எண்ணூர் பெரியகுப்பத்தில் அம்மோனியா வாயு கசிந்து, மக்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் ஓடினார்கள். மூச்சுத்திணறலுக்கு மருத்துவமனையில் படுக்கை கிடைத்தது. அதற்குப் பின் வந்த தூக்கமின்மைக்கு யாரிடம் போவது? 14416 என்ற தொலைபேசி எண் 2022 முதல் இருக்கிறது, நல்ல ஏற்பாடு. ஆனால் எதிரில் உட்கார்ந்து கேட்பதற்கு ஆள் வேண்டுமே.

மருத்துவ உளவியலில் பிஎச்.டி. செய்கிறவருக்கு, வாரத்தில் அந்த நான்கு முதல் ஆறு மணி நேரத்தைக் கரும்பலகைக்குப் பதில் அரசு மருத்துவமனையின் புறநோயாளிப் பிரிவில் கழிக்கச் சொன்னால் என்ன? வடசென்னையிலேயே ஸ்டான்லி இருக்கிறது. பழையவர்கள் இன்னும் கஞ்சித் தொட்டி ஆசுபத்திரி என்பார்கள். சற்றுத் தள்ளிக் கீழ்ப்பாக்கத்தில், 1794-இல் தொடங்கிய மனநலக் காப்பகத்தின் வழிவந்த நிறுவனம் இருக்கிறது. கட்டடம் உண்டு, நோயாளிகள் உண்டு. விதியில் ஒரு வரி மாற்றம் போதும். மேற்பார்க்கும் மூத்தவர்களுக்குப் பணியிடங்கள் வேண்டும் என்பதை மறுக்கவில்லை; அதற்குப் பணம் ஒதுக்க வேண்டும். அந்த நேரத்தைப் பயிற்சியாகக் கணக்கில் எடுத்து, மீதிப் பயிற்சியையும் முடித்தால் பதிவேட்டில் சேரலாம் என்று மறுவாழ்வுக் கழகமும் ஏற்க வேண்டும். இரண்டு அலுவலகங்களும் ஒன்றையொன்று பார்த்துப் பேசிக்கொள்ளாததால், முனைவர் ஒருவர் சட்டப்படி உளவியலராக முடியாதவராகவும், மீன்கார அம்மாள் ஏமாந்தவராகவும் நிற்கிறார்கள்.

அந்த அம்மாளிடம் நான் சொன்னது இவ்வளவுதான்: "அவரு படிச்ச டாக்டரு. வைத்தியம் பாக்குற டாக்டரு இல்ல. இனிமே போறப்ப, பதிவு எண் என்னன்னு முதல்ல கேளுங்க." எண்ணைச் சொன்னால் மறுவாழ்வுக் கழகத்தின் பதிவேட்டில் சரிபார்த்துத் தருகிறேன் என்றும் சொன்னேன்.

பையனை அரசு மருத்துவமனையில் மறுபடி சோதித்தார்கள். நானும் உடன் போயிருந்தேன். இளம் பெண் ஒருவர், பதிவு பெற்ற உளவியலர், பெட்டியைத் திறக்கவே இல்லை. முதல் அரைமணி நேரம் அவனிடம் வலையைப் பற்றியும், எந்த மீனுக்கு எந்த வலை என்பதைப் பற்றியும் கேட்டுக்கொண்டிருந்தார். அவன் கைவிரலில் கண்ணி அளவைக் காட்டிக் காட்டிச் சொன்னான். பிறகே சோதனை. அன்று முடியவில்லை, அடுத்த செவ்வாய் மீண்டும் வரச் சொன்னார். "எண்ணு எவ்ளோ வந்துச்சு?" என்று பாட்டி வாசலில் கேட்டார். "இன்னும் இல்லம்மா, அவன் இப்பதான் பேசவே ஆரம்பிச்சிருக்கான்" என்றார் அந்தப் பெண்.